வாத்தியாருக்குப் பொருத்தம் பார்த்த கதை

சிறு வயதில் நான் படிப்பில் மக்கு என்று சொன்னால், அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இது ஒரு தொல்லை. தன் முட்டாள்தனத்துக்குக்கூடச் சாட்சி கொண்டுவர வேண்டியிருக்கிறது. எனக்குச் சாட்சிகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசையில் அப்போது குடியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டாண்டர்ட் செவன் பரீட்சை முடிவு வந்த அன்று, பள்ளிக்கூடத்துப் பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடோடி வந்து சொன்னேன். அப்பா உடனே கற்கண்டு வாங்கி வரிசை முழுக்க வீடு வீடாகக் கொடுத்தார். மறுநாள்தான் தெரிந்தது, நான் பார்த்தது தோற்றவர்களின் பலகை. கொடுத்த கற்கண்டைத் திருப்பிக் கேட்க முடியாது. அதன்பிறகு கொஞ்ச நாள் அப்பா பின்பக்கச் சந்து வழியாகவே வேலைக்குப் போய் வந்தார்.

அப்பா கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. மூட்டை மேல் எழுதுகிறவன், மூட்டையைத் தூக்குகிறவன் என்று உலகத்தில் இரண்டே ஜாதி என்பது அவர் கண்ட உண்மை. செவன் பாஸ் பண்ணினால் முதல் ஜாதி, இல்லாவிட்டால் இரண்டாவது. எனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தோற்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த பரீட்சைக்குள் என் தலையில் ஏதாவது ஏற வேண்டும். ஏற்றுவதற்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் வேண்டும்.

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த வாரத்திலேயே, பாடம் முடிந்து போகும்போது, மழையில் பாதை தெரியாமல் எங்கள் வீட்டு வாசலில் லொங்காங் என்கிற சாக்கடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அடுத்தவர் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்துபோன மெதடிஸ்ட் சபைக்காரர். ஆங்கிலத்தை வெண்ணெய் மாதிரி பேசுவார். அவருக்குக் கிள்ளான் காய்ச்சல் கண்டது. கிள்ளானில் காய்ச்சல் வருவது அதிசயமில்லை, வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் செய்தி கேட்டு ரவாங்கிலிருந்து வந்த என் மாமா, அம்மாவுடன் பிறந்தவர், ஒரு பெரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்.

"வாத்தியாருங்க மேல குத்தமில்ல மச்சான். பய நட்சத்திரம் அப்படி. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஆகாது."

மாமியாருக்கு ஆகாத நட்சத்திரம் உண்டு, மாமனாருக்கு ஆகாததும் உண்டு என்பார்கள். வாத்தியாருக்கு ஆகாத நட்சத்திரம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. மாமா ரவாங்கில் ஈயச் சுரங்கங்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். இல்லாததைக்கூட இருக்கிறது என்று சொல்லிப் பழக்கம். அப்பாவுக்கும் இது வசதியாகப் போயிற்று. மகன் மக்கு என்பதைவிட, மகனுக்கு நட்சத்திரம் சரியில்லை என்பது கௌரவமல்லவா? இனி வருகிற வாத்தியாருக்கு நட்சத்திரம் கேட்டுப் பொருத்தம் பார்த்துத்தான் அமர்த்துவது என்று முடிவாயிற்று.

அப்பா விஷயத்தை மெஸ்காரரிடம் சொல்லி வைத்தார். ஸ்டேஷன் பக்கம் கல்யாணமாகாத கிராணிமாருக்குச் சாப்பாடு போட்டவர் அவர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த படித்த பையன்கள் எல்லாரும் அவர் இலையில்தான் உட்கார்ந்தார்கள். அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெஸ்காரரின் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல பையனா சொல்லுங்க. குடி, சூதாட்டம் இருக்கக் கூடாது. நம்ம ஆளா இருக்கணும். வீட்டுக்கு அடிக்கடி வந்து போகணும் பாருங்க, வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு."

நம்ம ஆள் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. எதையெல்லாமோ விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் அதை மட்டும் மறக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெண் என்று சொன்னது என் அக்காவை. அக்காவைப் பற்றிப் பேச்சே இல்லை. ரவாங் மாமா மகனுக்கு அவள் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிந்துபோன விஷயம். எங்களுக்கு அது அவ்வளவு பழைய செய்தி என்பதால், வெளி மனிதர் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெஸ்காரர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். "புரியுதுங்க. ஆளு இருக்கு. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரேன்லா."

அவருக்கு என்ன புரிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அன்றைக்குப் பையன்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் நேரே போய் ஒருவனிடம் பேச்செடுப்பது கௌரவக் குறைச்சல். அதனால் ஒரு சாக்குச் சொல்லிப் பையனை வீட்டுக்கு வரவழைப்பார்கள். மனு எழுத வேண்டும், கடிகாரம் ஓடவில்லை, தம்பிக்குப் பாடம் சொல்ல வேண்டும், இப்படி ஏதாவது ஒன்று. பிடித்தால் பேச்சு மேலே போகும். பிடிக்காவிட்டால் மனு எழுதி முடிந்தது, யாருக்கும் தலைகுனிவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்காரரோடு புது வாத்தியார் வந்தார். ஒல்லி, சிவப்பில்லை, கறுப்பில்லை. வேட்டி, முழுக்கைச் சட்டை, அதன் மேல் அந்த வெயிலுக்கு அநியாயமான ஒரு கோட்டு. ஊரில் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு வந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணியாக இருந்தார். அம்மா அன்று சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்திருந்தாள். விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான். அம்மாவுக்கு வேறு பலகாரம் வராது. ஆனால் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் ஒரே தட்டில் பார்த்தால் கல்யாணமாகாத தமிழன் மனசு எங்கே போகும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

பொருத்தம் பார்க்க ரவாங்கிலிருந்து வந்திருந்த மாமா கேள்வி கேட்டார். வாழ்நாளில் மாமா ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்ததெல்லாம் தங்கைகளுக்கு மாப்பிள்ளைதான். வாத்தியாரிடம் என்ன கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஊரு?"

"கும்பகோணம் பக்கங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே தங்கச்சி. கட்டிக்கொடுத்தாச்சு. அம்மா மட்டுந்தான்."

"இங்கயே இருக்கிற உத்தேசமா, இல்ல திடீர்னு கப்பலேறிடுவீங்களா? நடுவுல விட்டுட்டுப் போனா எங்களுக்குத் தாங்காது."

அவர் முகம் சிவந்தது. "அப்படியெல்லாம் விட்டுட்டுப் போக மாட்டேங்க."

"நட்சத்திரம்?"

அவர் மெஸ்காரரைப் பார்த்தார். மெஸ்காரர், சொல்லு என்று கண்ணால் ஜாடை காட்டினார். அவர் நட்சத்திரத்தைச் சொன்னார். மாமா விரல் விட்டு எண்ணினார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி எண்ணினார், பிறகு "அமோகம்" என்றார். தட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டியவன் நான். எனக்கு வாத்தியார் என்றாலே பயம், கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பஜ்ஜி ஆறிப்போகும் என்று தட்டை அக்கா கையில் கொடுத்தனுப்பினாள். அக்கா குனிந்த தலையோடு வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைசியில்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்து, "இவனுக்குத்தான் பாடம்" என்று அப்பா காட்டினார். அவர் என் கன்னத்தைத் தட்டினார். பாடத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன வகுப்பு என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் என்ன நினைத்துக்கொண்டு படியிறங்கினார் என்பது இதைப் படிக்கிறவர்களுக்கெல்லாம் இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்படி ஒரு வாத்தியார் யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே வருவார். முன்னறையில், சமையலறைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "பாத்தியா, வயசுப் பொண்ணு இருக்கிற வீடுன்னு எவ்வளவு ஒழுக்கம்" என்று அப்பா புளகித்துப்போனார். ஆனால் எனக்குச் சொல்வதை அடுத்த வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டாரோ என்று இருந்தது. கணக்குக்கு நடுவில், கப்பலில் மூன்றாம் வகுப்பில் அரிசிமூட்டை மேல் படுத்து வந்தது, நாகப்பட்டினத்தில் அவர் அம்மா கரையில் நின்று தப்பான கப்பலுக்குக் கையசைத்தது, எல்லாம் வரும். லாப நஷ்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததில்லை. பாடம் நின்றால் எனக்குப் போதும்.

அடிக்க மாட்டார். அடிக்காத வாத்தியாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே கணக்கைப் பத்தாம் தடவை தப்பாகப் போட்டாலும், "என்ன மச்சான், இன்னிக்கும் வியாபாரிக்கு நஷ்டந்தானா?" என்று சிரிப்பார். மச்சான் என்று அவர் கூப்பிட்டதில் எனக்கு ஏகப் பெருமை. பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பயலை வாத்தியார் மச்சான் என்று கூப்பிட்டார்? அந்தச் சிரிப்புக்காகவே நான் கணக்கைச் சரியாகப் போட ஆரம்பித்தேன். மக்குக்கும் ஒரு வழி உண்டு. யாரும் அதைத் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். "சத்தம் போட்டுச் சிரிச்சாரே, எதுக்குடா?" "அவங்க அம்மாவுக்கு இப்ப ஒடம்பு தேவலையாமா?" நான் சொல்வேன். அவள் முறத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொள்வாள்.

முதல் மாதம் முடிந்ததும் அப்பா சம்பளத்தை வெற்றிலையில் வைத்து நீட்டினார். அவர் பதறிப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னங்க மாமா இது, அந்நியர் மாதிரி? குடும்பம்னு ஆனப்புறம் இதெல்லாம் எதுக்கு?"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓசியில் ஒரு வாத்தியார், அதுவும் மரியாதை தெரிந்தவர். கூட்ஸ் ஷெட்டில் எல்லாரிடமும் சொன்னார். தர்மம் இன்னும் இருக்கிறது என்றார். தீபாவளிக்கு அவர் ஒரு பலகாரப் பெட்டி கொண்டுவந்து, அம்மாவிடம் நீட்டி, "அத்தை, வாங்கிக்குங்க" என்றார். அதுவரை அம்மா என்றுதான் அவளைக் கூப்பிட்டு வந்தார். பெட்டியை வாங்கிய கை அப்படியே நின்றது. சமையலறையில் எண்ணெய் தீய்ந்து புகை வந்த பிறகுதான் அம்மா திரும்பினாள்.

அன்று மத்தியானம் அம்மாவும் அப்பாவும் துணி காயப்போடும் இடத்தில் நின்று பேசினார்கள். வழக்கம் போல் நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருந்தேன்.

"இன்னிக்கே சொல்லிடுங்க. பாவம், அது ஒத்தையில கெடக்குற புள்ள. நெனப்ப வளத்துக்கிட்டே போவுது."

அப்பா கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து மடித்தார். அவருக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மெஸ்காரரின் சிரிப்பு, அந்தக் கோட்டு, பின்னால் கட்டிக்கொண்ட கை எல்லாம்.

"இப்பச் சொன்னா நாளைக்கு வருவாரா? பய இப்பத்தான் நாலு கணக்குச் சரியாப் போடுறான். பரீட்சை முடியட்டும்."

"பாவங்க."

"பரீட்சை முடியட்டும்னேன்."

என் மக்குத்தனத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பாவம் என்பது என்னைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கே என் மேல் இரக்கம் வந்தது. அதுவரை வாத்தியாருக்குக் காப்பி கலந்தவள் அக்கா, அன்று முதல் அது நின்றது. அம்மாவே கலந்து அம்மாவே கொண்டுவந்து வைப்பாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் ஒவ்வொரு நாளும், "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்பார். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பரீட்சைக்கு இன்னும் மாதக் கணக்கில் இருந்தது. அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சட்டைக்குள் வியர்க்கிறது. ஒரு மனிதன் தினமும் வந்து, எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் வாழ்க்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் அதை ஆங்கில இலக்கணமாக வாங்கிக்கொண்டோம்.

பாஸ் பண்ணினேன். இந்தத் தடவை அப்பாவே போய்ப் பலகையைப் பார்த்தார், அது எந்தப் பலகை என்று இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டார். செய்தி வரிசை முழுக்கப் பரவிற்று. மறுநாள் காலையில் அப்பா வாசலில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தவர், பாதி நுரையோடு உள்ளே ஓடி வந்தார். தெருக்கோடியில் வாத்தியாரும் மெஸ்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். மெஸ்காரர் கையில் பட்டுத் துணி மூடிய தாம்பாளம். வாத்தியார் மேல் அதே கோட்டு.

அப்பா அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. "டேய், திருநீறு பூசு. அந்தப் புது வேட்டிய எடு. தட்டு எங்க, வெத்தல எங்க? நீ உள்ள போ, அவளையும் கூட்டிட்டு உள்ள போ" என்றார். கடைசியில் சொன்னது அம்மாவிடம். அவர்கள் வாசல்படியில் கால் வைப்பதற்குள், வேட்டியும் வெற்றிலையும் வைத்த தட்டு என் கையில் இருந்தது.

"வுழுந்து கும்பிடுறா!"

விழுந்தேன். வாசலிலேயே, அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். எனக்கு மேலே அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. எதிர் வீட்டுக்காரர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள்.

"வாங்க குருவே வாங்க! பெத்தது நான், மனுசனாக்குனது நீங்க. இவனுக்கு இனி நீங்கதான் தகப்பன். இவன்னு என்ன, இந்த வீட்டுப் புள்ளைங்க ரெண்டுமே உங்க புள்ளைங்க. ஆசீர்வாதம் பண்ணுங்க!"

இருபத்தைந்து வயதுகூட நிறையாத மனிதர். எங்கள் வாசலில் நின்ற நிலையிலேயே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார். குருவாகிவிட்டவன் அதற்கு மேல் அந்த வீட்டில் என்ன கேட்க முடியும்? அப்பா பெரிய படிப்பாளியில்லை, ஆனால் வழக்கம் எந்த இடத்தில் ஒரு மனிதனின் வாயைக் கட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொய்யும் சொல்லாமல் காரியத்தை முடித்தார்.

மெஸ்காரருக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. "கிராணியாரே, நாங்க வந்தது என்னன்னா, நல்ல நாளும் அதுவுமா..." என்று தாம்பாளத்தை முன்னால் நீட்டினார்.

வாத்தியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நான் காலடியில் கிடந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. எப்போதும் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற குரல், அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தம்பி பாஸானதுக்குத்தாங்க வந்தோம்."

முதல் தடவையாக அவர் என்னை மச்சான் என்று சொல்லாமல் தம்பி என்றார். அது எனக்கு உறைக்கவில்லை. என் தலை மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மறந்துபோனவர் மாதிரி நின்றார்.

"இதுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்!" என்று சொல்லிக்கொண்டே அப்பா இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அவர்கள் உட்காரவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்றார் வாத்தியார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேட்டித் தட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டார். எடுக்காமல் போயிருந்தால் அப்பாவுக்கு அவமானமாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அவர்தான் எங்கள் மானத்தைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே வந்து பட்டுத் துணியை விலக்கினேன். தேங்காய், ஆரஞ்சு, கற்கண்டு. அது சரி. அதற்கடியில் மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துண்டு, வாழையிலையில் பொதிந்த பந்து மல்லிகை. கணக்கில் பாஸானவனுக்கு ரவிக்கைத் துண்டு எதற்கு என்று கேட்டேன். அப்பா, "வாத்தியாருக்கு விவரம் பத்தாது" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தப் பாஸ் எனக்குக் கிராணி வேலை வாங்கிக் கொடுத்தது, சோறு போட்டது, புத்தகம் வாங்கிக் கொடுத்தது, இன்று உங்கள் முன்னால் கெட்டிக்காரன் மாதிரி எழுதவும் வைத்திருக்கிறது. மல்லிகையை அம்மா முருகன் படத்துக்குப் போட்டாள். வாத்தியார் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. பண்டமாரான் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக மெஸ்காரர் சொன்னார். சொன்னது அப்பாவிடம் அல்ல, அப்பாவோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா அடுத்த தை மாதம் ரவாங்குக்குப் போனாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் வாய் நிறையக் கற்கண்டோடு பின்பக்கம் போனபோது, அக்கா கிணற்றடியில் காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாராடா?"

"போயிட்டாரு."

"தெருமுனையில திரும்பிப் பாத்தாரா?"

என்ன கேள்வி இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்களுக்குப் படிப்பு விஷயம் எதுவும் புரிவதில்லை.

"அவரு எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? நாந்தான் பாஸ் பண்ணிட்டேன்ல" என்றேன்.